ஒரு குரங்குக்கு ஒரு மொட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரங்கு செத்ததற்காக மனிதன் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. வயதானால் பயம் வந்து எல்லாவற்றையும் கும்பிடத் தொடங்கிவிடுவாய் என்று சொன்னவர்கள் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இன்னும் கும்பிடத் தொடங்கவில்லை. இதை எழுதுவது வேறொன்றுக்காக.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குச் சொந்த ஊர் தென்காசி, வேலை சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில். பக்கத்து மேசையில் இருந்தவன், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடையத்துக்காரன். ஒரே அறையில் தங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். அந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் அவனுக்கு மேலகரத்தில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. மேலகரம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி முடித்து, பையன் பெண்ணைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். அவனுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். ஆவணியில் மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த நாளை விட்டால் அவனுக்கு வேறு நாள் இல்லை.

ரயிலில் போயிருக்கலாம். ஆனால் என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, மூன்று கை மாறி என்னிடம் சேர்ந்த வண்டி.

“ஏலே, ரயில்ல வந்த மாப்பிள்ளைய எவம்லே ஞாபகம் வச்சிருப்பான்? மெட்ராஸ்ல இருந்து மோட்டார் சைக்கிள்ல வந்தான்னா பேரன் காலம் வரைக்கும் பேசுவாங்க” என்றேன்.

“வண்டி உன்னுது. பேரு உனக்குத்தான் வரும்” என்று சிரித்தான். ஆனாலும் வந்தான். அவனுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. நானூறு மைலும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

என்னிடம் இருந்தது ரப்பர் விளிம்பு வைத்த பட்டாளத்துக் கண்ணாடி ஒன்றுதான். ஓட்டுபவன் என்பதால் நான் போட்டுக்கொண்டேன். அவன் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டான். திருச்சியில் ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் முழுக்க வெயில். மதுரை தாண்டி, ராஜபாளையம் தாண்டி, புளியங்குடியில் இருட்டிவிட, அவனுக்குத் தெரிந்த ஓர் எலுமிச்சை மண்டியில் சாக்குகளின் மேல் படுத்தோம். விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். கடையநல்லூரில் தறிச் சத்தம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தென்காசிக்குள் நுழைந்தபோது சாரல் முகத்தில் அடித்தது. ஒரு பஞ்சர்கூட இல்லாமல் வந்திருந்தோம். அருவியில் குளித்து, துணி மாற்றி, பத்து மணிக்குப் பெண் வீட்டுக்குப் போவதாகத் திட்டம்.

மேலகரத்தில் அந்த வீட்டைத் தாண்டும்போது நான் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். சத்தம் உள்ளே கேட்க வேண்டும், மாப்பிள்ளை வந்துவிட்டான் என்று தெரிய வேண்டும். “மெதுவாப் போலே, மானம் போகுது” என்று அவன் என் முதுகில் குத்தினான். அந்த வேகத்தை நான் அதன்பின் குறைக்கவே இல்லை.

குற்றாலம் கடைத்தெருவில் கடைகள் பாதிதான் திறந்திருந்தன. பழக்கடைக் கூரையிலிருந்து ஒரு பெரிய கடுவன் குரங்கு சாலையில் குதித்தது. நின்று என்னைப் பார்த்தது. ஓடிவிடும் என்று நினைத்தேன். அது, நான் நிறுத்திவிடுவேன் என்று நினைத்திருக்கும். ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்சக்கரத்தில் ஏதோ மூட்டை இடித்தது போல் ஓர் அதிர்ச்சி. வண்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எழுந்து பார்த்தபோது அது சாலை நடுவில் ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்த மாதிரி கிடந்தது. மூச்சு இல்லை.

சத்தம் கேட்டுத்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். எங்களுக்குப் பெரிய காயம் இல்லை என்று தெரிந்ததும் எல்லாரும் எங்களை விட்டுவிட்டுக் குரங்கைச் சுற்றி நின்றார்கள். பழக்காரம்மா ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அதன் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். நேந்திரங்காய் வறுவல் போடுகிற அண்ணாச்சி கரண்டியும் கையுமாக வந்து நின்றார். அவர் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு.

“இங்கன ஒரு வழக்கம் உண்டு, தம்பிகளா. ரோட்டுல இவரு அடிபட்டுச் செத்தா, அடிச்சவன்தான் இவருக்குப் பிள்ளை. தலையும் மீசையும் எடுத்துட்டு, சாயங்காலம் குழியில முதல் கை மண்ணு போடணும். அதுவரைக்கும் வண்டி இங்கனயே கிடக்கட்டும். ஓட்டுனது யாரு?”

குரங்கை அவர் ‘இவரு’ என்றுதான் சொன்னார்.

“குரங்குக்கு மொட்டையா? அது என்ன எனக்கு அப்பனா?” என்று கத்தினேன்.

“உங்க அப்பாகூட இவ்வளவு லட்சணமா இருந்திருக்க மாட்டாரு” என்றாள் பழக்காரம்மா. கூட்டம் சிரித்தது.

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. அப்போது கூட்டங்களுக்குப் போய்ப் பேச்சுக் கேட்டுக் கேட்டு, எனக்கும் பேச வரும் என்ற நினைப்பு. மூடப்பழக்கம் என்றேன். விஞ்ஞானம் என்றேன். அனுமார் வேறு, இது வேறு, இது வெறும் மிருகம் என்றேன். கடைசியில், “மனுஷனே குரங்குல இருந்து வந்தவன்தான், படிச்சுப் பாருங்க” என்று சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப அப்பன்தானேவே! உக்காரும், மொட்டை போடும்!” என்று ஒரு குரல் வந்தது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அந்தக் குரல்காரனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். யாரோ கம்பை எடுத்தார்கள்.

கொள்கைதான் என்னை அப்படி நிற்க வைத்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, நெற்றியில் விழுகிற மாதிரி நான் வளர்த்து வைத்திருந்த சுருள்முடி. அலுவலகத்தில் எனக்கு அதனால் ஒரு பெயர் இருந்தது.

நண்பன் என்னைப் பின்னால் இழுத்தான். காதோரம் பேசினான்.

“வாயை மூடுலே. பொண்ணு வீடு பக்கத்துலதான் இருக்கு. இந்தச் சண்டை நமக்கு முன்னாலயே அங்கன போய்ச் சேந்துரும். மயிரு முளைச்சிரும், ரவுடிப்பயன்னு பேரு வந்தா போகாது.”

பிறகு அண்ணாச்சியைப் பார்த்துக் கையைக் கூப்பினான். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஓட்டுனது நான்தான். இவன் சும்மா கோவத்துல பேசுதான்.”

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அருவிக்கரையில் நாவிதர் இருந்தார். ஐந்து நிமிடத்தில் அவனுடைய தலைமுடியும் மீசையும் போயின. நான் ஒரு மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, தோற்காதவன் மாதிரி நின்றேன்.

வண்டி கடைத்தெருவிலேயே கிடந்தது. குதிரை வண்டி பிடித்து மேலகரம் போனோம். அவன் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டான். அவனுடைய அக்காவும் அத்தானும் கடையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து எங்களுக்காக அங்கே காத்திருந்தார்கள். வாசலில் பெண்ணின் அப்பா நின்றார். பெரியவர் முன்னால் தலையில் துண்டோடு நிற்கக்கூடாது. அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், அவன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டான்.

தலைமுடியும் மீசையும் இல்லாமல் தம்பி நிற்பதைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியிருக்கிறது. தான் பஸ் ஏறின பிறகு அப்பா போய்விட்டார், செய்தி தம்பிக்கு எட்டிவிட்டது.

“ஏ அய்யா! என்னைய வழியனுப்பிட்டுப் போய்ட்டீங்களா, அய்யா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்கிற வீட்டில், பூவும் பழமும் வைத்திருந்த தாம்பாளத்துக்குப் பக்கத்தில், ஒப்பாரி. உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். “அக்கா, அய்யாவுக்கு ஒண்ணுமில்ல, அய்யா நல்லாருக்காரு” என்று அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அடங்க ரொம்ப நேரமாயிற்று.

குரங்கு விஷயத்தை அவனே சொன்னான். பெண்ணின் அப்பா வயல்காட்டுக்காரர், அதிகம் பேசாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஓட்டுனது யாரு?”

“நான்தான்” என்றான். சென்னையில் ஓட்டப் பழகியிருப்பான் என்று அக்காவும் அத்தானும் நினைத்திருப்பார்கள். குற்றாலத்தில் சொன்னதை இங்கே மாற்றினால் பொய்யனாகிவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். மாற்ற வேண்டியவன் நான். கடைத்தெருவில் அத்தனை பேர் முன்னால் கத்திய வாய் அந்தக் கூடத்தில் திறக்கவில்லை. ஓட்டியது நான் என்று சொன்னால், அப்படியானால் உன் தலையில் ஏன் முடி இருக்கிறது என்ற கேள்வி வரும். 

பெண் காப்பி கொண்டுவந்தாள். எனக்குத் தம்ளரை வைத்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் முன் பெண் வாய் திறப்பதில்லை. அவள் திறந்தாள்.

“அப்பா, ஓட்டுதவங்க கண்ணாடி போட்டிருப்பாங்கல்லா?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணுமில்ல. கண்ணைச் சுத்தி வெள்ளையா இருக்கது யாருக்குன்னு பாருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் வெயிலில் என் முகம் கறுத்து, கண்ணாடி இருந்த இடம் மட்டும் இரண்டு வட்டமாக வெளுத்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள் அவள். ஒரு தலையசைப்புப் போதும்.

“மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம்” என்றேன். “குத்தாலத்துல அவன்தான் ஓட்டுனான்.”

அப்போதுதான் நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை, நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் மேலேயே சுமத்தினேன். 

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “குரங்கு செத்ததுக்காக நான் வேண்டாம்னு சொல்லல. மொட்டைக்காகவும் சொல்லல. உங்க அக்கா அழுதுச்சே, அதுக்காகவும் சொல்லல. ரெண்டு பேரும் சேந்து எதையோ மறைக்கீக. என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாம எம்பிள்ளைய எப்படிக் குடுக்கது? காப்பியக் குடிச்சிட்டுப் போய்ட்டு வாங்க.”

காப்பியை யாரும் குடிக்கவில்லை.

சாயங்காலம் வண்டியை எடுக்கக் குற்றாலம் போனோம். குரங்குக்குப் புது வேட்டி போர்த்தி, மாலை போட்டு, மேளத்தோடு எடுத்துப் போனார்கள். நண்பன் முன்னால் நடந்தான். முதல் கை மண்ணை அவன்தான் போட்டான். மெதுவாக, உண்மையிலேயே துக்கப்பட்டவன் மாதிரி போட்டான். நான் நேரே நாவிதரிடம் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கும் எடுத்துருங்க.”

“எதுக்கு?”

“ஓட்டுனது நான்தான்.”

அவர் என்னையும், தூரத்தில் நிற்கிற மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். “ஒரு குரங்குக்கு ஒரு மொட்டைதான், தம்பி. அது காலையிலயே முடிஞ்சி போச்சு. எந்திரிங்க.”

திரும்பும் வழியில் நானூறு மைலும் நாங்கள் பேசிக்கொண்டது டீக்கும் பெட்ரோலுக்கும் மட்டும்தான். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அவன் தானாகச் சொன்னான்: “சூட்டிக்கான பிள்ளைலே அது.” அதற்குமேல் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை.

ஐப்பசியில் அவன் அப்பா கல்யாணத்தைப் பார்க்காமலே இறந்தார். அந்த ஒரே வருடத்தில் அவன் தலை இரண்டாவது முறையாக மழிக்கப்பட்டது. பின்னால் அம்பாசமுத்திரத்தில் பெண் எடுத்தான். நன்றாகவே வாழ்ந்தான், போன வருடம் போய்விட்டான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் “விடுலே” என்றிருப்பான். அந்த ஒரு சொல்லில் நான் தப்பித்துவிடக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். வீம்பு எனக்கு எப்போதும் தவறான இடத்தில்தான் வந்திருக்கிறது. காப்பாற்றி வைத்த சுருள்முடி முப்பத்தைந்து வயதுக்குள் யாரும் கேட்காமலே கொட்டிப்போனது.

குரங்கைப் புதைத்த இடத்தில் இப்போது ஓர் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. சீசனுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் கும்பிடுவதில்லை. வேகமாக வந்தது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குமேல் அந்தக் குரங்குக்கு நான் கடமைப்பட்டவன் இல்லை. வேண்டுமானால் இன்றும் அந்தக் கடைத்தெருவில் நின்று வாதாடுவேன்.

மேலகரத்தில் அந்தக் கூடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வாக்கியம். கேட்டவரும் இன்று உயிரோடு இல்லை, எனக்காகப் பொய் சொன்னவனும் இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளையைப் பார்த்தவள் எங்காவது இருக்கக்கூடும். அவளுக்காக எழுதுகிறேன். வண்டியை ஓட்டியது நான். அவனுக்கு ஓட்டவே தெரியாது.