ஏழரை மணிக்கு என்ன செய்வது

சீரியலில் கதாநாயகியை மாற்றிய அன்று நான் சாப்பிடவில்லை.

வழக்கம்போல ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பப் பாட்டு முடிந்ததும் திரையின் கீழே ஒரு வரி வந்தது: இவருக்குப் பதில் இனி இவர். அடுத்த நொடி, அதே சமையலறையில், அதே மஞ்சள் புடவையில், வேறொரு பெண் காபி டம்ளரோடு நடந்து வந்தாள். அவளுடைய கணவனும் மாமனாரும் ஒன்றுமே நடக்காத மாதிரி அவளிடம் பேசினார்கள். என் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார், "இவ கொஞ்சம் உசரமா இருக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பல்லை எடுத்தார்.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. காதுக்குள் ஈ புகுந்த மாதிரி இரைச்சல். எழுந்து கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஓடியது. என் கணவர் வந்து குழாயை மூடினார்.

"ஆள மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாத்திட்டாங்க."

"சரி, விடு."

அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன கம்பியைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றினால் மோட்டார் மறுபடி ஓடும். விடு என்று அவரால் சொல்ல முடியும். எனக்கு எப்படி விடுவது என்று தெரியவில்லை.

மதுரையில் ஒரு டாக்டர் எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. தூக்கம் வரவில்லை என்று காட்டப் போன இடம். அவர் தூக்கத்தை விட்டுவிட்டு, சின்ன வயதில் எப்படி விளையாடினேன், எதைச் சாப்பிட மாட்டேன், எந்தச் சத்தம் ஆகாது என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "யார்கிட்டயாவது பேசணும்னா என்ன பேசறதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். டிவியில் பார்ப்பேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நிஜமாகவே பேச்சை நான் டிவியில்தான் படித்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் வாரீக, போறீக என்று பேசுகிறவர்கள். அது என் காதில் விழுந்ததே தவிர வாய்க்கு வரவில்லை. ஆட்கள் பேசும்போது முகம் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுவார். டிவியில் ஒருத்தர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுவார். பேசுகிறவர் முகத்தைப் பெரிதாகக் காட்டுவார்கள். சந்தோஷம் என்றால் ஒரு இசை, துக்கம் என்றால் வேறு இசை. விருந்தாளி வந்தால் என்ன சொல்ல வேண்டும், பெரியவர் கோபப்பட்டால் எப்படி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்து வந்தவை. அதனால் நான் பேசுவது சென்னைப் பேச்சு. காரைக்குடியைத் தாண்டி வெளியே தங்கியதே கிடையாது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் தெருவில் கேட்டார்கள், "பொண்ணு மெட்ராஸா?" என்று. எங்கள் பக்கத்தில் மருமகள்கள் எல்லாரும் மாமியாரை அயித்தை என்பார்கள், நான் மட்டும் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் திருத்தியதில்லை.

நான் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். யாருக்கு என்ன வாசகம் என்பது அங்கே மாறுவதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் ஏழரை மணி சீரியல். அந்தக் கதாநாயகியை நான் வருடக்கணக்காகப் பார்த்து வந்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பேசுவது, "பரவாயில்லைங்க" என்று இழுப்பது எல்லாம் என்னிடம் இருந்தது. பக்கத்து வீட்டம்மா மிக்ஸி இரவல் கேட்டால் அவள் குரலில்தான் எனக்குப் பதில் வரும்.

ஆள் மாறிய பிறகும் பார்த்தேன். பார்க்காமல் இருந்தால் இன்னும் மோசமாக இருந்தது. புதியவளை நான் வெறுக்கவில்லை. அவள் நன்றாகத்தான் நடித்தாள். ஆனால் அவள் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாடிப்படியில் ஒரு படி குறைந்த மாதிரி எனக்குக் கால் தடுக்கியது. அச்சகத்தில் ஒரு பத்திரிகையில் மணமகன் வீட்டையும் மணமகள் வீட்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டேன். முதலாளி பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் நெற்குப்பையில் மாமியாருடைய அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். கேதம் கேட்க மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். இந்த மாதிரி இடத்துக்கு எனக்கு ஒரு வரி உண்டு. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, "தைரியமா இருங்க, நாங்கல்லாம் இருக்கோம்ல" என்று சொல்ல வேண்டும். பழைய கதாநாயகி சொன்னது. அதற்கு முன்னால் இரண்டு சாவு வீடுகளில் சொல்லியிருக்கிறேன், சரியாகவே போனது.

மாமியாருடைய அக்கா முற்றத்து ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, எப்ப முடியாமப் போச்சு, ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிப் போனது என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். வரி வரவில்லை. அந்த வரியைத் தேடினால் முதலில் பழைய முகம் வந்தது, உடனே அதன் மேல் புதிய முகம் வந்து மறைத்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. நான் ஆடுவது எனக்குத் தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. எதிரில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள்.

அந்தம்மா என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஒண்ணும் கேக்க வேணாம்த்தா. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இப்படியே இரு" என்றார். கிளம்பும்வரை அப்படியே இருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எங்கோ ஒரு கம்பெனியில் ஒரு நடிகைக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதற்கு நெற்குப்பையில் நான் ஏன் ஊமையாக உட்கார வேண்டும்? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்: "நான் இனிமே டிவி பாக்கப் போறதில்ல."

"பாக்காட்டி போ," என்றார் மாமியார். "அதுக்கு ஏன் சண்டைக்கு வர்ற மாதிரி சொல்ற?"

நான் சொன்னதில் ஒரு சிக்கல் இருந்தது. கூடத்து டிவி எனக்கு மட்டும் சொந்தமில்லை. என் கணவர் அதைக் கழற்றி மாமியார் அறையில் மாட்டினார். ஏழரை மணிக்கு அங்கிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பார்ப்பதைவிடக் கேட்பது பெரிய கொடுமையாக இருந்தது. கேட்டால் மனசு தானே படம் போட்டுக்கொள்கிறது, அந்தப் படத்தில் பழையவளும் புதியவளும் மாறி மாறி வருகிறார்கள். சமையலறையில் பாத்திரத்தை உருட்டினேன். காதில் பஞ்சு வைத்தேன். துவைத்த துணியை எடுத்து மறுபடி துவைத்தேன். கூடத்தில் டிவி இருந்த சுவரில் நாலு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதன் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நகத்தைச் சதையோடு கடித்துவிட்டேன்.

போனில் எனக்கு ஒரு குழு உண்டு. என்னைப் போலப் பெரியவர்களான பிறகு ஆட்டிசம் என்று தெரிந்துகொண்டவர்கள், தமிழில் எழுதிக்கொள்வோம். டிவியை நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிவகங்கையில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவர் செய்திச் சேனலை விட்டதாக எழுதினார். கீழே ஓடும் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டியிருந்ததாம், சோற்றுத் தட்டில் கை காய்ந்துவிடுமாம். இப்போது அந்த நேரத்தில் சும்மா படுத்துக் கிடக்கிறாராம், நன்றாக இல்லையாம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், தான் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனையே இன்னும் தினமும் பார்ப்பதாக எழுதினாள். "எனக்கு அதுல அடுத்து என்ன வரும்னு தெரியும். நாள் பூரா அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு நடக்குது. நான் எதுக்கு விடணும்? நீங்க எதுக்கு விடறீங்க?" என்று கேட்டிருந்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆள் மாற்றிவிட்டார்கள் என்று எழுதினேன். அவள் உடனே எழுதினாள்: "ஐயோ. அப்ப சரி." வேறு யாரிடமும் நான் இவ்வளவு சீக்கிரம் புரியவைத்ததில்லை.

ஆனாலும் ஏழரைக்கு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தேன். பாட்டுச் சத்தம் கேட்பதற்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போய்விடுவேன். முதல் நாளே பக்கத்து வீட்டம்மா, "எங்குட்டுப் போறீக?" என்றார். கடைக்கு என்றேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் கடைக்கு என்றேன். வெறுங்கையோடு திரும்புவது எனக்கே தப்பாகப் பட்டதால் ஏதாவது வாங்கினேன். வீட்டில் தீப்பெட்டியாகச் சேர்ந்தது. செக்காலை ரோட்டுப் பக்கம் போனால் வண்டி ஹாரன் மண்டையில் இறங்கும். சந்துக்குள் போனால் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் அதே சீரியல். ஒரு வீட்டில் விட்ட வசனம் அடுத்த வீட்டில் தொடரும். டிவியை விட்டவளுக்கு ஊரே டிவியாக இருந்தது. கடைசியில் ஊருணிக் கரையைக் கண்டுபிடித்தேன். அங்கே வீடுகள் தள்ளி இருக்கும். கரையைச் சுற்றி நடக்கலாம், வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வரும். வேகமாக நடப்பேன். கையை உதறிக்கொள்வேன். சீரியல் முடிந்திருக்கும் என்று தோன்றும்போது வீட்டுக்கு வருவேன்.

இப்படி மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. வாசலில் செருப்போடு நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். பாட்டுச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் மாமியார் அறை வாசலில் நின்றேன். நிறுத்துங்கள் என்று கத்தத்தான் போனேன்.

அவர் கட்டிலில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, நீங்க பாக்கலையா?"

"எங்கத்தா பாக்குறது. அது யாரு, யாருக்கு என்ன வேணும், எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறாது."

"இத்தனை வருஷம் என்கூடப் பாத்தீங்களே?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ காலையில எந்திரிச்சா ஒரு எடத்துல நிக்க மாட்ட. அந்த நேரம் ஒண்ணுதான் ஒக்காருவ. நானும் பூண்டை எடுத்துக்கிட்டு வந்து ஒக்காந்துக்குவேன். பக்கத்துல ஒரு ஆளு இருக்குல்ல."

"அப்ப இப்ப எதுக்குப் போட்டு வச்சிருக்கீங்க?"

"நீ போயிர்ற. வீடு உம்முனு கெடக்குது."

நான் என்ன சொல்வது என்று தேடினேன். எந்தக் குரலும் வரவில்லை. ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கட்டிலின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். அவர் பூண்டு கூடையை என் பக்கம் தள்ளினார். உரித்தோம். என் உரிப்பு வேகத்துக்குப் பூண்டு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. சின்ன வெங்காயம் கொண்டு வந்தேன். அதுவும் தீர்ந்தது. மறுநாள் சட்டி நிறைய இருந்த சட்டினியைப் பார்த்து என் கணவர், "என்ன, விசேஷ வீடா?" என்று கேட்டார்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், "நானும் அந்த ஊருணிக்கு வாரேன்" என்றார் மாமியார். அவருக்கு முழங்கால் வலி. அவர் ஒரு அடி வைப்பதற்குள் நான் நாலு அடி போய்விடுவேன். மெதுவாக நடந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். முதல் நாள் பாதி வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "நீ போ. போயிட்டு வா" என்றார். அப்படியே பழகியது. நான் முன்னால் ஓடுவேன், திரும்பி வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றுவேன், மறுபடி ஓடுவேன். பக்கத்து வீட்டம்மா இப்போது என்னிடம் எங்குட்டுப் போறீக என்று கேட்பதில்லை, மாமியாரிடம் கேட்கிறார்.

பேச்சு மாறியதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். இல்லை. இன்னும் சென்னைப் பேச்சுதான் பேசுகிறேன். சில இடங்களில் வாய் மூடிக்கொள்கிறது, அப்போது உட்கார்ந்திருக்கிறேன், அல்லது எழுந்து போய்விடுகிறேன். சில நாள் மாமியாருக்குக் கால் ஒத்துழைக்காது. அன்று தனியாகப் போவேன், அவர் டிவியைப் போட்டுக்கொள்வார். ஏழரை நெருங்கினால் எனக்கு இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. அது நிற்கும் என்று நான் எதிர்பார்த்தேன், நிற்கவில்லை.

போன வாரம் ஊருணிப் படிக்கட்டில் மாமியார் உட்கார்ந்திருக்க, நான் கரையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அவர்களைக் கடக்கும்போது அவள் கேட்பது காதில் விழுந்தது.

"ஒங்க மருமக எதையாச்சும் தொலச்சிருச்சா? இப்படித் தேடுது?"

"அதெல்லாம் ஒண்ணும் தொலைக்கல," என்றார் மாமியார். "அவளுக்கு ஒக்காந்தா ஆகாது. நீங்க ஒக்காருங்க."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் அடுத்த சுற்றுக்குப் போனேன்.