அகப்பைத் தாடை

என் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி அரை விரல் அளவு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கரண்டி என்று பெயர். கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளத்திலும் கேலி செய்வார்கள், தமிழிலும் கேலி செய்வார்கள். நான் இரண்டிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், இரண்டிலும் திருப்பிக் கொடுத்தேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் அடங்கிப்போனார்கள்.

அந்தத் தாடைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் வெலிங்டன் தீவில் நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனி. சுவை பார்க்கும் வேலை. நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு, இது எப்படிப்பட்ட தூள் என்று சொல்லவேண்டும். உறிஞ்சுகிற வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் கீழுதடு கரண்டிக்கு அடியில் போய்த் தானாக ஏந்திக்கொள்ளும். ஒரு சொட்டு சிந்தாது. என் சத்தம் வாசல்வரை கேட்கும். எங்கள் தலைமை ஆள் குன்னூர்க்காரர், இருபத்தைந்து வருடம் துப்பிப் பழகியவர். தினமும் காலையில், "அகப்பை வந்தாச்சா?" என்பார். தேயிலை வாங்க வருகிறவர்கள் மேஜையைச் சுற்றி நிற்கும்போது என்னைத்தான் முன்னால் நிறுத்துவார். "இந்தத் தாடையை எவனும் தொட்டுடாதீங்கப்பா" என்று அவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர், சாயா குடித்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லவே இல்லை. ஐந்தாவது வீட்டார் மட்டும், "தாடையைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டாள். மென்று சாப்பிட முடியவில்லை, அதற்காகத்தான் அறுவை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பொய். கண்ணாடியில் வேறு முகம் வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. கீழுதட்டில் உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். குன்னூர்க்காரர் ஆறு வாரம் லீவு கொடுத்தார். "போய்ட்டு வா கண்ணு, ஒன் இடத்தைப் பாத்துக்கறேன்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

கண் விழித்தபோது மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் மாட்டிய கம்பிகளை ரப்பர் வளையங்களால் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அம்மா விடுவாள். பாதி உள்ளே போகும். பாதி மோவாயில் வழியும், வழிவதே எனக்குத் தெரியாது. மோவாய் இருந்த இடத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை. பேச முடியாது, அதனால் எழுதிக் காட்டவேண்டும். அங்கேதான் வினை. நான் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்து எனக்குப் பஸ் போர்டு வாசிக்கிற அளவுதான். அம்மாவுக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் எழுதுகிற சீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு கீழே மெடிக்கல் ஷாப் சேட்டனிடம் ஓடுவாள். அவர் வாசித்துச் சொல்வார். பஞ்சு, மாத்திரை, வாய் கழுவும் மருந்து என்று வாங்கிக்கொண்டு வருவாள்.

பத்தாவது நாள் அம்மா யாருடனோ போனில் பேசினாள். "இப்பப் பாத்தீங்கன்னா ஆளே மாறிட்டா. வீக்கம் வடியட்டும், வந்து பாருங்க." எனக்குத் தலைக்கேறியது. கத்த வழியில்லை. தாளை எடுத்து மலையாளத்தில் எழுதினேன்: 'மாப்பிள்ளைக்காக என் வாயை அறுத்து விற்றுவிட்டாய். நீ தாய் இல்லை, தரகர். நீ போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு நிம்மதி.' அம்மாவுக்கு வாசிக்க வராது என்ற தைரியத்தில் எழுதினேன். எழுதியதும் கொஞ்சம் ஆறியது. தாளை மாத்திரை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது தாள் இல்லை. அம்மா படியேறி வந்தாள், வெறுங்கையோடு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அந்த மருந்து கடையில இல்லையாம்டி" என்றாள்.

பிறகு கஞ்சியை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "கடையில நாலு பேர் இருந்தாங்க. சேட்டன் பாதியில நிறுத்துனாரு. நான்தான் மீதியும் வாசிங்கன்னேன்."

அன்றைக்கும் வடிகட்டினாள், சிரிஞ்சில் ஏற்றினாள், ஊட்டினாள். மன்னிப்பு என்று தமிழில் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது. போனில் தேடினால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. நான் அப்படிப்பட்டவள்.

என் பயம் முழுக்க வேறொன்றில் இருந்தது. மறுபடி உறிஞ்ச வருமா, வராதா? நான்காவது வாரம் அம்மா மீன் வாங்கப் போன நேரத்தில், ஆபத்துக்கு வெட்டுவதற்கென்று கொடுத்திருந்த கத்தரிக்கோலால் ரப்பர் வளையங்களை வெட்டினேன். கம்பெனித் தூள் ஒரு பொட்டலம் வீட்டில் இருந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் வேலையில் சூடு பார்ப்பது உதட்டால்தான். கரண்டியைக் கீழுதட்டில் வைப்போம், பொறுக்குமென்றால் உறிஞ்சுவோம். அன்றும் வைத்தேன். சுடவில்லை. உறிஞ்சினேன். சத்தமே வரவில்லை, எல்லாம் சட்டையில் விழுந்தது. விடுவேனா? இருபது முறை கரண்டியை வைத்து வைத்துப் பார்த்தேன்.

அம்மா வந்து பார்த்ததும் மீன் பையைக் கீழே போட்டாள். "அடிப்பாவி, உதடு வெந்து கெடக்குதுடி!"

கீழுதடு முழுக்கக் கொப்புளம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேயிலைக்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க மாட்டார்கள். டாக்டர் மலையாளத்தில் கிழிகிழியென்று கிழித்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற இடம் சற்றே விலகியிருந்தது. இன்னும் ஆறு வாரம் வளையங்கள். ஆறு வார லீவு பத்து வாரமானது.

அதற்குள் என் இடத்தில் ஓர் இளைஞனைக் கொண்டுவந்துவிட்டார்கள். இடக்கொச்சிக்காரன், மரியாதையாகப் பேசுவான். நான் உள்ளே நுழைந்ததும் குன்னூர்க்காரர் என் முகத்தையே பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார், ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல. ஆறு கோப்பை வைத்தார். உறிஞ்சினேன். சத்தம் பாதிதான் வந்தது. ஆனால் நாக்கு அப்படியே இருந்தது. ஒன்றைப் பழசு என்றேன், இன்னொன்றுக்கு உலர்த்துகிற அடுப்பின் சூடு கூடிவிட்டது என்றேன். ஆறும் சரி. நிமிர்ந்தேன். அந்த இளைஞன் ஒரு டிஷ்யூவை நீட்டினான். குனிந்து பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை சாயா.

"நாக்கு தங்கம் கண்ணு" என்றார் குன்னூர்க்காரர். "ஆனா வாங்க வர்றவங்க முன்னாடி இப்படி வடிய விட்டுட்டு நிக்க முடியுமா, நீயே சொல்லு."

பின்னால் மரத் தடுப்பு போட்டு ஒரு சின்ன மேஜை கொடுத்தார்கள். காலையில் நான் அங்கே ருசி பார்த்து எழுதிக் கொடுப்பேன். முன்னால் நின்று அவன் அதைச் சொல்வான். வருகிறவர்கள் அவன் கையைக் குலுக்குவது தடுப்புக்குப் பின்னால் எனக்குக் கேட்கும். கரண்டி மூஞ்சியோடு முன்னால் நின்றேன், அழகு வந்ததும் ஒளித்து வைத்துவிட்டார்கள். அவர்கள் நாசமாகப் போகட்டும்.

போன வாரம் மேற்கொண்டு செய்யவேண்டியதைப் பேச டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி விளக்கினார். பல்லில் கம்பி இன்னும் எட்டு மாதம். இடதுபக்கம் சொத்தையான இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு எலும்பில் திருகாணி வைத்துப் புதுப் பல் பொருத்தலாம். விருப்பமிருந்தால் மோவாயையும் கொஞ்சம் செதுக்கலாம், முகம் இன்னும் எடுப்பாக இருக்கும். அம்மா பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதில் எதைச் செய்தால் உதடு திரும்பும் என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். ஒரு வருடம் பார்க்கலாம், அதற்குள் வராவிட்டால் வராது.

"பழைய தாடையைத் திருப்பி முன்னால் வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய நர்ஸும் சிரித்தாள். மலையாளத்தில்தான் கேட்டேன். இந்த ஊரில் முப்பது வருடம் இருந்தவளுக்குக் காதில் விழுந்தால் புரியாதா? அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து என் மோவாயைத் துடைத்தாள். அது நனைந்திருந்தது எனக்குத் தெரியாது.