சித்திரைக் கடைசி வெள்ளியில் நட்ட கத்தரி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கனடாவின் உறைபனி பஞ்சாங்கம் பார்த்துத்தான் விழும் என்று நம்பிய மடையன் நான். ஐம்பத்திரண்டு வயதில் தலைமயிர் போனது. போகும்போது உள்ளே இருந்ததையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு இந்த விவசாய விசரைக் கிளப்பிவிட்டவர் செத்து நூறு வருடங்களுக்கு மேலாகிறது. மார்க்கம் நகரத்துக்கு வடக்கே நான் குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கர் காணி ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. அவருடைய பூட்டனாரின் தகப்பன் ஓர் அமெரிக்கர். தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்து, பென்சில்வேனியாவிலிருந்து ஒற்றை மாட்டுவண்டியோடு வந்து, அந்த வண்டிக்கு அடியிலேயே படுத்தெழும்பி, காட்டை வெட்டி வயலாக்கியவர். முதுமையில் தன் கதையைத் தானே எழுதிவைத்திருந்தார். அதன் பிரதியைக் கிழவர் எனக்குத் தந்தார். நாற்பது பக்கம். மாடுகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. மனைவி இரண்டு வரியில் வருகிறார்: ஒன்றில் கல்யாணம், மற்றதில் அடக்கம்.

இருபத்திரண்டு வருடமாக ஃபக்டரியில் கார் சீற்றுக்கு ஒரே ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு அது போதாதா? வேலையை விட்டேன். சாப்பிட இருக்கும்போதெல்லாம் மனைவிக்கு அந்த மனிதரின் கதைதான். அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள்.

"ஒரு வருசம்தான்," என்றாள். "கத்தரி காய்க்காட்டி திரும்பி ஃபக்டரிக்குப் போறியள்."

சொல்லிவிட்டு, சனி ஞாயிறுகளிலும் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற் குளிர்காலம் முழுவதும் நாற்றுமேடையாக இருந்தது. ரியூப் லைற் வெளிச்சத்தில் அறுநூறு கன்றுகள். வேலையால் வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், அவள்தான் கீழே இறங்கித் தண்ணீர் தெளிப்பாள். படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். நான் அப்போது கதிரையிலிருந்து பக்கம் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மே மாதப் பிற்பகுதியில் வரும் லோங் வீக்கெண்ட் கழியும்வரை எதையும் வெளியே வைக்காதே என்று கிழவர் இரண்டு முறை சொன்னார். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். சித்திரைக் கடைசி வெள்ளி, நடுவதற்கு நல்ல நேரம். ரொறன்ரோவுக்கென்றே கணித்த பஞ்சாங்கம் வேறு!

"உந்தக் கிழவன் சொல்றதைக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி.

"உவருக்கு நாள் நட்சத்திரம் தெரியுமே?"

நல்ல நேரத்தில், கிழக்குப் பார்த்து, அறுநூறையும் நட்டேன். ஐந்தாம் நாள் விடிய வயலில் ஒரே வெள்ளை. வெயில் ஏற ஏற இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.

காருக்குள் இருந்த நாற்பது பக்கங்களையும் எடுத்துப் புரட்டினேன். நான் தாண்டிப்போன ஒரு பக்கம் இருந்தது. தோல்விகளை வாசிப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அவரும் முதல் வருடம் அவசரப்பட்டு நட்டு, எல்லாவற்றையும் பனிக்குக் கொடுத்திருக்கிறார்.

வேலை முடித்து, அந்தச் சப்பாத்தோடேயே மனைவி வயலுக்கு வந்தாள். முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குந்தி, ஒரு கன்றின் தண்டை நசித்துப் பார்த்தாள். தண்ணீர்தான் வந்தது.

"இஞ்ச பாரும்," என்று பக்கத்தை நீட்டினேன். "அந்த மனுசனுக்கும் முதல் வருசம் எல்லாம் கருகித்தான் போனது. ஆனா அவர் விடேல்லை. இன்னும் ஒரே ஒரு வருசம் தாருமன்."

அவள் பக்கத்தை வாங்கவில்லை. விரலை மண்ணில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவற்ர மனுசி எத்தினை வயசில செத்தவ?"