வாயிலில் பரிமாறிய சுறாப்புட்டு

எங்கள் உறவினர்கள் இந்தச் சுறாப்புட்டுக் கதையைச் சொல்லும்போது, அம்மா பூங்காவின் வாயிற்காவலரை அறைந்ததாகவே முடிப்பார்கள். அவர் அறையவில்லை. ஆகவே நான் கண்டதையும் அன்று கூட வந்திருந்த அக்கா உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

சென்னைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்வதற்காக என் மகன் அண்மையில் கைபேசியில் விடுதி தேடிக்கொண்டிருந்தான். "வெளிச்சாப்பாடு உள்ள கூடாதாம்மா. பஃபேயும் சேத்துப் போட்டுடவா?" என்றான்.

அதைக் கேட்டதும் என் நினைவில் பூண்டும் மிளகும் மணந்தன. எனக்கு ஒன்பது வயதானபோது, மண்டபத்தூரிலிருந்து வேனில் அத்தகைய பூங்கா ஒன்றுக்குப் போனோம். அப்பா பிடித்துவந்த சுறாவில் அம்மா புட்டு செய்து தூக்குவாளியில் அடைத்திருந்தார். வாயிற்காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீன் நாத்தம் தாங்கல. குப்பையில கொட்டிட்டு வாங்க."

"எங்க வூட்டுக்காரரு கடல்ல போயி புடிச்சதுங்க. கொட்டச் சொல்ற வாய்க்கு மொதல்ல ஒரு வாய் தர்றேன், இருங்க."

அம்மா வாயிலிலேயே எங்களை உட்காரவைத்துப் பரிமாறினார். நுழைவு வரிசை எங்களைச் சுற்றி வளைந்து சென்றது. காவலரிடமும் ஓர் இலைப் பொட்டலத்தை நீட்டினார். அவர் அதை வாங்கி நாற்காலிக்கடியில் வைத்தார். பிறகு மீன்மணக்கும் கைகளோடு இராட்டினம் ஏறினோம்.

"பஃபே வேணாம்ப்பா. அடுப்பு இருக்குற ரூமாப் பாரு," என்றேன் மகனிடம்.

"சமைச்சு எடுத்துட்டுப் போனா உள்ள விடமாட்டாங்களே. வாசல்ல உக்காந்தா திங்கப்போறோம்?"

"ஆமா, உக்காருவோம்."

காவலர் அந்தப் புட்டை உண்டாரா, எறிந்தாரா என்பது எனக்குத் தெரியாது.