மூன்றாம் லைனில் டமாரம் துரை

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில், மூன்றாம் லைனுக்கு லீடர் சரோஜா. வயது முப்பத்தொன்பது, சர்வீஸ் பன்னிரண்டு வருஷம். தன் வேலையைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை, சந்தேகமெல்லாம் கம்பெனிக்குத்தான். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட டிப்ளமோக்காரர்கள் இரண்டு பேர் சூப்பர்வைசராகிவிட்டார்கள். லீடர் என்பது கூப்பிடுகிற பேர்தான், காகிதத்தில் அவள் இன்னும் ஆபரேட்டர். சூப்பர்வைசருக்கு வேறு கலர் சட்டை உண்டு, மீட்டிங்கில் நாற்காலி உண்டு. அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று சரோஜா எல்லாரிடமும் சொல்வாள். சொன்னால் என்ன தப்பு? உழைத்தவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

இந்தச் சரோஜாவுக்கு வாத்தியார் யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். டமாரம் துரை. ஆமாம், சினிமாவில் வருகிற அதே காமெடி நடிகர்தான். ஒல்லி உடம்பு, ஊரையே எழுப்புகிற குரல், யாரிடம் அடி வாங்கினாலும் எழுந்ததும் முதல் வேலையாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிற ஆசாமி. காலை ஐந்தரைக்குச் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறினால், ஒரகடம் வரும்வரை டிரைவர் டீவியில் போடுவது அவருடைய காமெடி சீன்கள் மட்டும்தான். மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்குவார்கள். சரோஜா ஒரு நாளும் தூங்கினதில்லை. வீட்டுக்காரர் ராஜசேகர்கூட, "அதே காமெடிய எத்தினி வாட்டிம்மா பாப்ப?" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒயரின் முனையில் ஒரு சின்னப் பித்தளைப் பின் இருக்கும். அதை பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருக வேண்டும். முழுதும் போனால் 'டிக்' என்று ஒரு சத்தம். பாதியில் நின்றுவிட்டால் சத்தம் வராது, ஆனால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மெஷின் டெஸ்ட்டில்கூடத் தப்பித்துவிடும். வண்டி ரோட்டுக்குப் போய் நாலு குழியில் குதித்த பிறகுதான் கழன்றுகொள்ளும். சுவரில் மாட்டியிருந்த சார்ட்டில் இந்தத் தப்புக்கு ஒரு கோடு நம்பரும் இங்கிலீஷில் முழ நீளத்துக்கு ஒரு பேரும். அப்போது சரோஜாவுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. அவள் கை போட்ட பீஸ் ஒன்று வெளியே போய்த் திரும்பி வந்ததில், முப்பது பேர் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவமானத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ் டீவியில் ஒரு சீன். மூன்று குண்டு ஆசாமிகள் உட்கார்ந்திருக்கும் சீட்டில் டமாரம் துரை பாதி உடம்பை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு, ராஜா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார். கண்டக்டர் கேட்டால், "நல்லா சௌகரியமா உக்காந்திருக்கேன்" என்கிறார். பஸ் முதல் வளைவில் திரும்புகிறது. ஆளைக் காணோம்! சரோஜா சீட்டை விட்டு எழுந்து, "இதான், இதேதான்!" என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த பஸ் முழுக்கத் திடுக்கிட்டு விழித்தது.

அன்றிலிருந்து அந்தத் தப்புக்கு மூன்றாம் லைனில் பேர் 'அரை சீட்டு'. பிறகு ஒவ்வொன்றாக மற்றத் தப்புகளுக்கும் பேர் வந்தது. ஒரு ஒயர் தன் ஓட்டையை விட்டுப் பக்கத்து ஓட்டையில் போய் உட்கார்ந்தால் 'தப்பு வூட்டு மாப்பிள்ளை'. பெண் பார்க்கப் போன துரை எதிர்வீட்டில் நுழைந்து, கேசரி பஜ்ஜியெல்லாம் தின்று முடித்துவிட்டுப் பெண் எங்கே என்று கேட்கிற காமெடி. புதிதாக வருகிற பெண்களுக்குச் சரோஜா சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் சீனைக் காட்டுவாள், எழுந்து நடித்தும் காட்டுவாள். ஒருமுறை சிரித்தவள் அந்தத் தப்பை மறக்க மாட்டாள். லைனில் ரிஜெக்ஷன் குறைந்ததற்குக் காரணம் தன்னுடைய மேற்பார்வை என்று குவாலிட்டி மேனேஜர் ஸ்ரீதர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டுப் போகட்டும். சரோஜா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: காமெடி வாயோடு சரி, காகிதத்தில் சார்ட்டில் உள்ள கோடு நம்பர்தான் எழுத வேண்டும்.

இந்தத் தடவை கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருவதற்கு முந்தின நாள் ஸ்ரீதர் அவளைக் கூப்பிட்டார். "சரோஜா, உங்க லைன்ல ஒரு ரிமார்க் இல்லாம ஆடிட் முடியட்டும். சூப்பர்வைசர் லிஸ்ட்ல உங்க பேர அனுப்பறேன்."

"வாக்கு மாற மாட்டீங்களே சார்?"

"ஒரு ரிமார்க் வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அவ்வளவுதான்."

ஆடிட்டர் பேர் வாசுதேவ். ஒடிசலான மனிதர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். இரண்டு மணி நேரம் லைனைச் சல்லடை போட்டுச் சலித்தும் அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் தப்பான பீஸ்கள் போடுகிற சிவப்புப் பெட்டியின் முன்னால் நின்று, ஒன்றை எடுத்து அதில் கட்டியிருந்த டேகைப் படித்தார்.

"இது என்னம்மா, 'அரை சீட்டு'?"

சரோஜா எட்டிப் பார்த்தாள். கையெழுத்து மாடத்தியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாலே நாள் ஆன டிரெயினி. ஆடிட்டரைப் பார்த்த பயத்தில் நம்பர் மறந்து, வாயில் வந்ததை எழுதி வைத்துவிட்டாள்.

ஸ்ரீதர் சரோஜாவைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "புதுப் பொண்ணு, தெரியாம கிறுக்கிட்டான்னு சொல்லிடுங்க. அவளை இன்னிக்கே நிறுத்திட்டேன்னு நான் சொல்லிக்கறேன். இது ரிமார்க் ஆகாது. உங்க பேரும் லிஸ்ட்ல போயிடும்."

சரோஜா திரும்பிப் பார்த்தாள். மாடத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஏக்கா, நாந்தான்க்கா தெரியாம எழுதிட்டேன், என்னைய ஊருக்கு அனுப்பிருவாவளோ?" என்றாள்.

பன்னிரண்டு வருஷ ஆசை. ஒரு வாக்கியம் சொன்னால் கைக்கு வந்துவிடும். சரோஜாவுக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல்? ஸ்ரீதர் மேல், அந்தப் பெண் மேல், கொஞ்சம் தன் மேலும். நேராக ஆடிட்டரிடம் போனாள்.

"சார், அந்தப் பேர நான்தான் சொல்லிக் குடுத்தேன். எழுதினது அவ, கத்துக் குடுத்தது நானு. இன்னா எழுதணுமோ என் பேர்ல எழுதிக்கங்க. ஆனா அவளுக்கு வேலை தெரியாதுன்னு மட்டும் எழுதாதீங்க, அது பொய்யி."

"நாலு நாள்ல என்ன தெரியும்?"

"வெச்சுத்தான் பாருங்களேன்!"

வாசுதேவ் வைத்துத்தான் பார்த்தார். நல்ல பீஸ் பத்து, டேகைக் கழற்றிய தப்பான பீஸ் பத்து, தன் கையாலேயே கலந்து மேஜை மேல் பரப்பினார். மாடத்தி முதல் பீஸை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவை கீழே வைத்தாள். மூன்றாவதிலிருந்து வேகம் பிடித்துவிட்டாள். "தப்பு வீட்டு மாப்பிள்ளை… நல்லது… நல்லது… அரை சீட்டு…" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு ஒயரையும் விரலால் அசைத்துப் பார்த்துப் பிரித்தாள். முடிவில் தப்பான பக்கத்தில் பதினொன்று கிடந்தது.

"நான் வெச்சது பத்துதான். இது நல்ல பீஸ்," என்று ஒன்றைக் காட்டினார் வாசுதேவ். ஸ்ரீதர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாடத்தி சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா அந்த பீஸை எடுத்து நீட்டினாள். "இத இழுத்துப் பாருங்க சார்."

நல்ல பீஸ் என்று அவர் வைத்ததுதான் அது. வாசுதேவ் ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தார். பின்னோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. பிறகு ரிப்போர்ட்டில் எழுத ஆரம்பித்தார்.

"ரிமார்க் ரிமார்க்தான்மா. லைன்ல ஒரு பேரு, டாக்குமெண்ட்ல ஒரு பேருன்னு இருக்கக் கூடாது. ஆனா மாத்த வேண்டியது லைனை இல்ல, டாக்குமெண்டை. அடுத்த மாசம் வருவேன். அதைத் தயார் பண்ணினவங்களே எனக்குப் பாடம் நடத்திக் காட்டணும்."

மாடத்தியின் வேலை தப்பியது. சரோஜாவின் நாற்காலி போயிற்று. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது துரை காமெடி ஓடியும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சொன்னதற்காக வருந்தவில்லை. ஆனாலும் வலித்தது, வலிக்காமல் எப்படி இருக்கும்?

மறு வாரம் ஸ்ரீதர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவளிடமே வந்து உட்கார வேண்டியதாயிற்று. தப்பு ஒவ்வொன்றுக்கும் போட்டோ, நம்பர், காமெடிப் பேர், விளக்கம். மனிதர் டமாரம் துரை படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையாம்! கனெக்டரின் மூடி பூட்டாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற தப்புக்கு வந்தபோது, "இதுக்கு என்ன பேரு?" என்றார்.

"தாப்பா இல்லாத பாத்ரூமு. துரை உள்ள குளிச்சிக்கினு கீறாரு. கதவுல தாப்பா இல்ல. யாரும் தொறந்துடக் கூடாதேன்னு குளிச்சி முடிக்கிற வரைக்கும் தொண்ட கிழியப் பாடிக்கினே இருப்பாரு. மூச்சு வாங்க ஒரு செகண்ட் நிறுத்துவாரு பாருங்க, அப்பத்தான் மாமியாரு கதவத் தள்ளும்!"

ஸ்ரீதர் சிரித்தேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசிக் கட்டத்துக்கு வந்தார். "தயாரித்தவர்னு போடணும். நம்ம ரூல்படி சூப்பர்வைசர் கிரேடுக்குக் கீழ இருக்கறவங்க பேர்ல டாக்குமெண்ட் போட முடியாது சரோஜா. அதனால என் பேரைப் போட்டுக்கறேன்."

"போட்டுக்கங்க சார், எனக்கு இன்னா?" என்றாள் சரோஜா. "ஆனா தயார் பண்ணினவங்கதான் நடத்திக் காட்டணும்னு அவரு சொல்லிக்கீறாரு. அடுத்த மாசம் லைன் மொத்தமும் நிக்கும். நீங்களே அந்த பாத்ரூம் பாட்ட நல்லா சவுண்டா பாடிக் காட்டிடுங்க."

ஸ்ரீதர் எழுந்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக எச்.ஆர். அறைக்குப் போனார். பன்னிரண்டு வருஷமாக நகராத சரோஜாவின் புரமோஷன் ஃபைல் பதினாறு நாளில் நகர்ந்தது.

சொன்ன தேதிக்கு வாசுதேவ் வந்தார். அறுபது பேர் சுற்றி நிற்க, புதுச் சட்டையில் சரோஜா அந்தப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசுதேவ் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் முடிகிறவரை ஓர் இடத்தில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு ஃபாரத்தை எடுத்து, வழக்கம்போல ஸ்ரீதர் பக்கம் திரும்பினார்.

"லைன் சூப்பர்வைசர் யாரு?"

ஸ்ரீதர் பதில் சொல்லும்வரை சரோஜா காத்திருக்கவில்லை. "நான்தான் சார்," என்றாள்.