சுவிட்சில் மாட்டிய சிவப்பு அட்டை

என் நைனா குடிக்காதவர். ராயபுரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் சம்பள நாளில் நேராக வீட்டுக்கு வருகிறார் என்றால் யார் நம்புவது? ஈரலில் கட்டி, புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே தெருவும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவே தெருவின் பக்கம் போய் நின்றுகொண்டதுதான் நைனாவுக்குத் தாங்கவில்லை.

"எங்க ஒளிஞ்சினு குடிச்சே? அத்த மட்டும் சொல்லிடு."

"மாதா மேல சத்தியமா தொட்டதில்லடி."

"மாதாவ ஏன்யா இழுக்கறே?"

அதோடு பேச்சு நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த பிறகும் அம்மா வந்தாள், துணி துவைத்தாள், மருந்து வாங்கினாள், முகம் பார்த்துப் பேச மட்டும் மாட்டாள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

கட்டியை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஓர் ஆராய்ச்சி மாணவி கட்டிலருகே வந்தாள். ஒல்லியான பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு. வெட்டியெடுக்கும் கட்டியில் ஒரு துணுக்கும், அதையொட்டிய நல்ல ஈரலில் ஒரு துணுக்கும் தன் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டாள்.

"அதால எனக்கு சரியாப்பூடுமா?" என்றார் நைனா.

"இல்லண்ணே. உங்களுக்கு ஆகாது. பின்னால வர்றவங்களுக்கு ஆகலாம்."

பொய் சொல்லியிருந்தால் நைனா கண்டுபிடித்திருப்பார். "எட்துக்கோ கண்ணு" என்று கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது அவளே எங்களைத் தேடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா தூணோரம் நின்று, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல் கண்டபடி பெருகாமல் பிரேக் பிடிக்கும் மரபணுக்கள் எல்லோருக்கும் உண்டாம். நைனாவின் நல்ல ஈரலில் அவள் தேடிய பிரேக் வேலை செய்துகொண்டிருந்தது. கட்டியில் அது ஓய்ந்து கிடந்தது. ஆனால் உடையவில்லை, அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதன் தொடக்கத்தில் மெத்தில் என்ற துளியூண்டு வேதிப்பொருள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஒட்டிய மரபணுவைச் செல் படிப்பதில்லை, அவ்வளவுதான். அப்படி வாயடைத்துக் கிடந்த நேரத்தில் கட்டி வளர்ந்துவிட்டது.

"அட்டை மாட்டிக்கீது" என்றார் நைனா.

அவளுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். கிரேன் மேல் பழுது பார்க்க ஆள் ஏறினால், கீழே சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்டிவிட்டு ஏறுவார். கிரேன் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒருத்தரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். மாட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால் வேலை போய்விடும்.

அவள் முகமெல்லாம் சிரிப்பாக, "அதேதாண்ணே" என்றாள். நைனா சிரிக்கவில்லை.

"மாட்னவன் யாருன்னே தெர்ல. அப்பறம் யாரு எடுக்கறது? நான் எதுக்கு மாசாமாசம் வந்துகினு?"

மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துறைமுகத்தில் கற்ற சட்டத்தை ஈரலுக்கும் போட்டு, இனி வரப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டார். படித்த பெண், எதையாவது சொல்லி நழுவியிருக்கலாம். அவள் அவர் பேச்சுக்குள்ளேயே நுழைந்தாள்.

"மாட்டுனவரு மறந்து வீட்டுக்குப் போயிட்டா என்ன செய்வீங்க?"

"ஆள் அனுப்பிச்சி இட்டாருவோம்."

"நாங்களும் ஆள் அனுப்பியிருக்கோம்னு வச்சுக்கங்க. இந்த அட்டையை எடுக்குற மருந்தைத் தேடிக்கிட்டுதான் இருக்கோம். அதுவரைக்கும் நீங்க வரணும்ல?"

நைனா தலையாட்டினார். அதன்பின் ஒரு பரிசோதனையும் தவறவில்லை.

தூணோரத்திலிருந்து அம்மா வாயைத் திறந்தாள். "குடிச்சாதான் இந்த அட்டை மாட்டுமா?"

"குடியும் ஒரு காரணந்தான்கா. ஆனா அண்ணன் ரத்தத்துல மஞ்சக்காமாலை பி கிருமி இருக்கு. வருஷக்கணக்கா ஈரல்ல கெடந்தா அது ஒண்ணே போதும். அவரு குடிச்சாரா இல்லையான்னு என் டெஸ்ட் சொல்லாது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல எல்லாரும் ரத்தம் பாத்துருங்க" என்றாள். டாக்டரும் நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே அவசரமாக இதைச் சொல்லியிருந்தார். காதில் ஏறவில்லை. இவள் ரத்தம் எடுக்கும் அறை வரை கூடவே வந்தாள்.

அம்மாவுக்கும் கிருமி இருந்தது, எனக்கும் இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம் என்றார்கள். முதலில் யாருக்கு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு நான் மாத்திரையும் ஸ்கேனுமாக நன்றாக இருக்கிறேன் என்றால் அந்த மதுரைப் பெண்தான் காரணம். இப்போது எங்கே இருக்கிறாளோ, அவள் பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருக்கணும்.

"யார்ட்டயும் மூச்சு வுடாதே. கல்யாணம் ஆவணும்" என்றாள் அம்மா. நியாயம்தானே, நானும் வாயைத் திறக்கவில்லை.

மறு வாரம் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில், எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரி ஒருத்தியும் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "குடிச்சி குடிச்சி ஈரல வேக வச்சிகினாரு, இப்ப பொண்டாட்டிக்குத்தான் பேஜாரு" என்று அம்மாவுக்குப் பரிந்து பேசுவது போலச் சொன்னாள். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு ரத்தத்துல கீற கிருமிதான் எனக்கும் கீது. எம் பொண்ணுக்கும் கீது. நானும் குடிச்சேனா? எம் பொண்ணும் குடிச்சாளா? சொல்லுடி!"

அந்தச் சொந்தக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். எனக்கு அழுகை முட்டியது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தச் சம்பந்தம் அன்றே முறிந்தது.

அம்மா வீட்டுக்குள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டபடி படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பைத்தியமாடி நீ? பொண்ணுக்கு வந்த மாப்ளய இப்டி தொரத்திட்டியே."

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு வேற மாப்ள கெடைப்பான். எனக்கு நீ ஒர்த்தன்தான்யா கீறே."