மழை ஒழுகும் நகராட்சிக் கட்டடம்

“பைக்காராவில் படகு ஓட்டியது போதும், பழைய கட்டடம் ஏதாவது பார்த்து எழுதுங்களேன்” என்று வாசகர் ஒருவர் திட்டாத குறையாகக் கேட்டிருந்தார். சரியென்று ஆடி மழையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஊட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஊர்ப் பெயரைப் போட மாட்டேன். போட்டால் இதில் வரும் ஒருவருக்குத்தான் இன்னும் தொல்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கிறது கட்டடம். வெள்ளைக்காரன் காலத்து நகராட்சி ஆபீஸ். பிறகு ரேஷன் கடை, நூலகம் என்று என்னென்னவோ ஆகியிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் சில முதலில் தங்கியதும் இதன் மாடியில்தான். அப்படிக் குழந்தையாக வந்து இறங்கியவர் ராசாத்தி அக்கா. இப்போது அதே கட்டடத்தின் கீழே உள்ள கடை வரிசையில் டீக்கடை வைத்திருக்கிறார். டீக்குத் தொட்டுக்கொள்ளும் வர்க்கி பிஸ்கட் நன்றாக இருக்கும்.

கடைகளை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் முந்திக்கொண்டார்: “நல்லாக் கேளுங்க! எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டதே இந்தம்மாதானுங்க.”

இங்கே ஒரு வழக்கம். அதிகாரி பார்வையிட வந்தால், மாடி வழியாகக் கடைக்குள் ஒழுகும் இடத்தில் வைத்த வாளிகளை எல்லோரும் ஒளித்துவிடுவார்கள், தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்த முறை அக்கா மட்டும் ஒளிக்கவில்லை.

“நாலு தகரம் மாத்திக் குடுப்பாங்கன்னு நெனச்சேனுங்க தம்பி. வாளியை நடுவுலயே வெச்சேன். வந்தவரு செவுத்தத் தட்டிப் பாத்தாரு. மறு வாரமே கட்டடம் ஆவாது, இடிக்கணும்னு ஒட்டிட்டாங்க. இப்ப ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்லீங்க. அங்கிருந்து போன்னாங்க, வந்தோம். இங்கிருந்தும் போன்னா எங்கீங்க போறது?”

யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஊரைக் கண்டுபிடித்துப் போகிறவர்களுக்கு: காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு அவசியம். மாடிப்படி ஏறாதீர்கள். மாதம் முடிவதற்குள் போனால் அக்காவிடம் ஒரு டீ குடியுங்கள்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: “கட்டடம் நல்லாத்தான் இருக்குதுன்னு ஒரு வரி எழுதுங்க தம்பி. புண்ணியமாப் போகும்.”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. அதிகாரி தட்டிப் பார்த்த அந்தச் சுவரின் விரிசலுக்குள் என் உள்ளங்கை முழுசாகப் போயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, கட்டடம் நன்றாக இல்லை. நீங்கள் செய்தது சரிதான். அதைச் சொல்லி என்ன பிரயோசனம், மாதம் முடிந்தால் உங்களுக்குக் கடை இல்லை.